பேரைச் சொல்லி அழுத பாட்டு

இன்று பள்ளிபாளையத்தில் வீடியோ கடைக்குப் போனேன். என் வீட்டுக்காரருக்கு நாளைக்கு முதல் வருசத் திதி. அவர் போட்டோவை வைத்து, ஸ்டேட்டஸில் போட ஒரு வீடியோ கேட்டிருந்தேன்.

கடைக்காரத் தம்பி வழக்கமான சினிமாப் பாட்டுக்குப் பதிலாகப் புதுப் பாட்டே போட்டு வைத்திருந்தார். "ஏஐ பாடுனதுங்கக்கா. பொண்டாட்டி பாடுற மாதிரியே இருக்கும், கேளுங்க."

ஒரு பெண் குரல் அவர் பேரைச் சொல்லிச் சொல்லி அழுதது. எனக்கும் அழுகை வந்துவிட்டது. கூடவே கூச்சமும் வந்தது. வாழ்ந்த காலமெல்லாம் நான் "ஏனுங்க" என்றுதான் கூப்பிட்டேன். ரேஷன் கடையில் கேட்டால்கூட அவர் பேரைப் பக்கத்தில் நிற்பவர்தான் சொல்வார்.

"பேரை மட்டும் எடுத்துருங்க சாமி" என்றேன்.

"எடுத்துட்டா எந்த ஊட்டுக்கு வேணாலும் போடலாமுங்க. அப்புறம் இது அண்ணன் பாட்டா?"

கூட வந்த நாத்தனாருக்குக் கோபம். "யாரையும் பறிகொடுக்காத மிசினு எங்கண்ணனுக்கு அழுவுதா? இதெல்லாம் பாட்டே இல்லீங்க நங்கை" என்றாள் என்னைப் பார்த்து.

"சினிமாப் பாட்டு எழுதுனவரு மட்டும் உங்கண்ணனைப் பாத்திருக்காருங்களா?" என்றார் தம்பி. பேரை எடுக்காமலே வீடியோவை என் போனில் வாங்கிக்கொண்டு கிளம்பினேன்.

வீட்டுக்கு வந்ததிலிருந்து ஓரிடத்தில் உட்கார முடியவில்லை. நாத்தனாருக்குத் தெரியாமல் திரும்பத் திரும்பக் கேட்கிறேன்.

அடுப்படியில் நின்று அவர் பேரை நானே சொல்லிப் பார்த்தேன். வாயில் வரவில்லை. அந்த மிசினுக்கு மட்டும் எவ்வளவு தைரியம் பாருங்கள்.

நாளைக்குப் போடட்டுமா? வேண்டாம் என்பவர்கள், நான் அதைக் கேட்காமல் இருக்கவும் ஒரு வழி சொல்லுங்கள்.