அந்தோணி வெட்டிய அலுமினியப் பிளேட்டு

சூடான அலுமினியத்தின் மேல் மண்ணெண்ணெய் பட்டால் ஒரு வாசனை வரும். பாதி இனிப்பு, பாதி தலைவலி. சட்டையில் ஏறிவிட்டால் எத்தனை துவைத்தாலும் போகாது…

விழுப்புரத்திலிருந்து திண்டிவனம் போகிற ரோட்டில் நானும் முகையூர் அந்தோணியும் கூட்டாகப் பட்டறை வைத்திருந்தோம். தகரக் கொட்டகை. உள்ளே ஒரு பழைய மில்லிங் மெஷின். கைப்பிடியைச் சுற்றினால் டேபிள் நகரும், மேலே கட்டர் சுழன்று குடையும். ரைஸ் மில், கரும்பு ஆலை என்று எல்லாம் இரும்பு வேலைதான். அலுமினியத்தைச் சோற்றுப் பானையாகத்தான் பார்த்திருந்தோம்.

எனக்குப் படிப்பு கிடையாது. நான் சொல்லச் சொல்ல மருமகள்தான் இதைப் போனில் எழுதுகிறாள். ஆனால் அந்த வாரத்தில் நடந்தது ஒன்றுகூட எனக்கு மறக்கவில்லை.

பாண்டிச்சேரிப் பக்கத்து கம்பெனி ஒன்றின் சூப்பர்வைசர் இரண்டு அலுமினியப் பிளேட்டுகளைக் கொண்டுவந்தார். நடுவில் சோப்பு டப்பா மாதிரி அகலமாகப் பள்ளம் எடுக்க வேண்டும். அடியில் மெல்லிசாக நிற்க வேண்டும். 'பாக்கெட்' என்றார். ஒன்று ஒழுங்காக வந்தாலே போதும், மாதாமாதம் வேலை தருவார்களாம்.

அந்தோணிக்கு அப்போது மஸ்கட் விசா வந்திருந்தது. வெள்ளிக்கிழமைக்குள் பாஸ்போர்ட்டைக் கொடு, இல்லாவிட்டால் வேறு ஆள் என்று ஏஜெண்டு சொல்லிவிட்டான். வீட்டில் அவன் மனைவி மேரிக்கு ஏழு மாசம்.

சோறு கொண்டுவந்த மேரி என்னைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னது…

"இந்த வேலை அமைஞ்சிட்டா அவரு போவலன்றாருண்ணா. எப்படியாவது முடிச்சிக் குடுங்க."

முதலில் நாலு பல் கட்டரைப் போட்டோம். இரும்பு வெட்டிய பழக்கம். கொஞ்ச தூரம் போனதும் சத்தம் மாறியது. அலுமினியம் பல்லிடுக்கில் புகுந்து ஒட்டிக்கொண்டு, கட்டர் மொட்டையாகிவிட்டது.

"இன்னா மச்சான் இது, அல்வா துன்ன வாய் மாதிரி கீது" என்றான் அந்தோணி.

அன்றைக்கே பஸ் பிடித்துப் போய் ரெண்டு பல் கட்டர் வாங்கிவந்தான். பல் குறைந்தால் இடைவெளி பெரிசு, சீவல் வெளியே போக வழி இருக்கும். மூலை வளைவில் கட்டர் மாட்டிக்கொண்டு அலறக்கூடாது என்று ஒரு சைஸ் சின்னதாகவே எடுத்திருந்தான். நடுவில் முதலில் டிரில் போட்டோம், கட்டர் இறங்குவதற்கு. அவன் கைப்பிடி சுற்ற, நான் பிரஷ்ஷால் மண்ணெண்ணெய் தடவித் தடவி சீவலைத் தள்ளிக்கொண்டே இருந்தேன்.

பிளேட்டு நகர்ந்தால் பிழைப்பு போச்சு என்று, அதை டேபிளோடு பிடிக்கிற கிளாம்பை, ஸ்பேனர் பிடியில் நீளக் குழாயைச் செருகி முழு பலத்தோடு இறுக்கியிருந்தோம். இரும்பை அப்படித்தான் இறுக்குவோம்.

வெள்ளிக்கிழமை காலை பாக்கெட் முடிந்தது. துடைத்ததும் அடித்தளம் கண்ணாடி மாதிரி. "வா, உன் மூஞ்சி தெரியுது பாரு" என்று மேரியைக் கூப்பிட்டான். அவள் குனிந்து பார்த்துச் சிரித்தாள்.

அதற்குள் சூப்பர்வைசரும் வந்துவிட்டார். கிளாம்பைத் தளர்த்தினோம். அவர் பிளேட்டின் ஒரு மூலையை விரலால் அழுத்தினார். எதிர் மூலை தூக்கிக்கொண்டது. டக். விரலை எடுத்தார். டக்.

"இன்னாப்பா, அப்பளம் பொரிச்சி வச்சிக்கிறீங்க" என்றார். கோபமில்லை. "இன்னொரு பிளேட்டு கீது இல்ல. அத்தயாவது ஒழுங்கா போட்டு வைங்க. அடுத்த வாரம் ஆளு அனுப்பறேன்."

"அடுத்த வாரம் எனக்குக் கெடையாது சார்" என்றான் அந்தோணி.

மேரி சாப்பாட்டுத் தூக்கை எடுத்துக்கொண்டு நடந்தாள். சாயந்திரமே அவன் பாஸ்போர்ட்டைக் கொடுத்துவிட்டான்.

அவன் கிளம்பின நாள், நான் இரண்டாவது பிளேட்டில் கடைசி வெட்டு மட்டும் பாக்கி வைத்திருந்தேன். விழுப்புரம் பஸ் ஸ்டாண்டு வரைக்கும் போய் அவனை மெட்ராஸ் பஸ்ஸில் ஏற்ற வேண்டும். தகரத்தைப் பிரித்துக்கூட அலுமினியத்தைத் தூக்கிப் போகிற ஆட்கள் உண்டு. அதனால் கிளாம்பைக் கழற்றி, பிளேட்டைச் சாக்கில் சுற்றி வீட்டில் போட்டுவிட்டுப் போனேன்.

மறுநாள் டேபிளில் வைத்தால் அதே டக்.

ஆனால் இந்த முறை வெட்டுவதற்கு மேலே மிச்சம் இருந்தது… கவிழ்த்துப் போட்டு அடியில் இருந்த கோணலைச் சீவினேன். திருப்பி வைத்து, குழாய் கிழாய் எதுவும் இல்லாமல் மெல்லப் பிடித்து, கடைசி வெட்டை விட்டேன். தளர்த்திவிட்டு மூலையை அழுத்தினேன். அசையவில்லை.

வயிற்றைக் குடைந்தால் அலுமினியம் வளையத்தான் செய்யும். நாங்கள் அதை வளையவிடாமல் கட்டிப்போட்டே கடைசி வரை முடித்திருந்தோம். நடுவில் ஒருமுறை அவிழ்த்து விட்டிருந்தால் போதும். அவனை வழியனுப்பப் போனதால்தான் அது எனக்குத் தெரிந்தது.

ஆர்டர் வந்தது. வருஷக்கணக்கில் வந்தது.

மஸ்கட் போய்ச் சேர்ந்ததுமே, பக்கத்துக் கடை நம்பருக்கு அந்தோணி போன் பண்ணினான். பிளேட்டைப் பற்றிச் சொன்னேன்.

"இத்த போன வாரம் கண்டுபுடிச்சிருக்கக் கூடாதா மச்சான்" என்று சிரித்தான். அப்புறம், "துட்டு ஓடிக்கினு கீது, வச்சிடறேன்" என்றான்.

முதல் லீவில் அவன் வந்தபோது, அவன் பெண்குழந்தை அவனைப் பார்த்து மேரியின் புடவைக்குப் பின்னால் ஒளிந்துகொண்டது. லீவு முடிகிற வரைக்கும் கிட்டவே வரவில்லை.

போன வருஷம்தான் ஒரேயடியாகத் திரும்பி வந்தான். முட்டி போய்விட்டது. முண்டியம்பாக்கம் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போய்த் திரும்பும்போது, எங்கள் கொட்டகை இருந்த இடத்துக்குச் சற்றுத் தள்ளி கம்ப்யூட்டரில் ஓடுகிற மெஷின் வைத்த ஒரு சி.என்.சி. கடை. உள்ளே போய் நின்றோம். ஒரு பெண் பட்டனைத் தட்டினாள். கண்ணாடிக் கதவுக்குள் பால் மாதிரித் தண்ணீர் பாய்ந்தது. நாங்கள் பேசிக்கொண்டிருக்கும்போதே அலுமினியத்தில் பாக்கெட் விழுந்துவிட்டது. பிரஷ் பிடிக்க ஆள் தேவையில்லை. மண்ணெண்ணெய் வாசனையும் இல்லை.

அவள் கதவைத் திறந்து கிளாம்பைத் தளர்த்தினாள்.

"முடிஞ்சிதாம்மா?" என்றான் அந்தோணி.

"இல்ல தாத்தா, கடைசி வெட்டு பாக்கி கீது. கொஞ்சம் லூசா வுட்டா பிளேட்டு அது இஷ்டத்துக்கு வளைஞ்சிக்கும். டீ குடிச்சிட்டு வந்து மெதுவா புடிச்சி முடிச்சிடுவேன்."

அவள் டீக்குப் போனாள்.

அந்தோணி அந்தப் பிளேட்டையே பார்த்துக்கொண்டு நின்றான்.

"ஒரு டீ குடிக்கிற நேரந்தானா மச்சான்…" என்றான்.

அவன் கையை நீட்டி ஒரு மூலையை மெல்ல அழுத்தினான்.

டக்.