வில்லுக்கு அடுத்துதான் யூ

கன்னம் முழுக்க நுரை தடவி, தலையைப் பின்னால் சாய்த்துவிட்ட பிறகுதான் சலூன்காரர் கேள்வியை எடுப்பார். ஆள் எழுந்து ஓட முடியாது. அது அவருக்குச் சௌகரியம்.

“சார், ‘ஐ டிட் நாட் சீ’ன்னாலும் பாக்கலதான், ‘ஐ ஹேவ் நாட் சீன்’னாலும் பாக்கலதான். எதுக்கு ரெண்டு வச்சிருக்கான்?”

வாராவாரம் வரும் வங்கி ஊழியர், கத்தி கழுத்தைத் தாண்டும்வரை பொறுத்திருந்து சொன்னார். “டிட் போட்டா முடிஞ்ச கதைண்ணே. ஹேவ் போட்டா இதுவரைக்கும் இல்ல, இனிமே நடக்கலாம்.”

“அப்ப எனக்கு ஹேவ்தான் சார்.”

வேலை இல்லாத நேரத்தில் கண்ணாடியைப் பார்த்து இங்கிலீஷில் முணுமுணுத்துக்கொண்டிருப்பார். புதிதாக வருகிறவர்கள் தங்களைத்தான் ஏதோ திட்டுகிறார் என்று நிமிர்ந்து உட்காருவார்கள். வினைச்சொற்கள்தான் அவரைப் படாதபாடு படுத்தின. “நம்ம பேச்சுல போனான் வந்தான் எல்லாம் கடைசியில வரும். அவன் நடுவுலயே போட்டு உடைச்சுடுறான்” என்று அலுத்துக்கொள்வார். ‘கட்’ என்ற சொல் மட்டும் நேற்றும் கட், இன்றும் கட் என்று தெரிந்த நாளில் அப்படியொரு சிரிப்பு. “என் தொழில் ஒண்ணுதான் சார் மாறாம நிக்குது.”

வெளிநாட்டுக்குப் போன மகன் அங்கேயே கல்யாணம் செய்துகொண்டான். பேரனுக்கு ஐந்து வயது. இவர் அவனைத் தொட்டுத் தூக்கியதில்லை. பையனுக்குத் தமிழில் ‘தாத்தா’ ஒன்றுதான் தெரியும். போனில் அதைச் சொல்லி முடித்ததும் இருவருக்கும் பேச்சு தீர்ந்துவிடும். “இருடா கண்ணு” என்று இவர் சொல்வதற்குள் திரையில் வெறும் நாற்காலிதான் இருக்கும்.

எப்போது வருவாய் என்று பேரனையே கேட்டுவிட வேண்டும் என்பது ஆசை. “வென் யூ வில் கம்” என்று தயார் செய்து வைத்திருந்தார். வங்கி ஊழியர் திருத்தினார். “கேள்வின்னா வில்லு முன்னாடி வரணும்ணே. அதுக்கு அடுத்துதான் யூ.”

“ஆளைப் பின்னாடி தள்ளிட்டுத்தான் கேக்கணுமா?” என்று முனகியபடியே, அந்த வாரம் வந்த தலைகள் அத்தனையிடமும் சொல்லிப் பழகினார்.

ஞாயிற்றுக்கிழமை போன் வந்தது. கையைத் துடைத்துக்கொண்டு, ஒவ்வொரு சொல்லாக, பிசகாமல் கேட்டார். பையன் ஓடவில்லை. கொஞ்சம் யோசித்தான்.

“ஐ டோன்ட் நோ, தாத்தா. ஆஸ்க் டாடி.”

பக்கத்திலிருந்து மகனின் குரல் மட்டும் வந்தது. “அடுத்த வருஷம் பாக்கலாம்ப்பா.”

போன வருஷமும் இதே பதில்தான். அதற்கு யாரிடமும் விளக்கம் கேட்க வேண்டியிருக்கவில்லை.

இவர் மேற்கொண்டு பேசுவார் என்று பையன் திரைக்கு மிக அருகில் முகத்தைக் கொண்டுவந்து காத்திருந்தான். நெற்றிமுடி வளர்ந்து கண்ணை மறைத்தது. சலூன்காரர் ஒரு விரலைத் திரைமேல் வைத்து, அந்த முடியை மெல்ல ஓரமாக ஒதுக்கினார்.