நம்ம புள்ள வாசித்த கடிதம்

அம்பிட்டியச் சந்தியில் நேற்று போட்டோகொப்பி எடுக்க நின்றேன். சுடச்சுட வெளியே வந்த தாளின் வாசம் மூக்கில் ஏறியதும் என் முதல் வேலை ஞாபகம் வந்துவிட்டது. மற்றவர்களுக்கு மண்வாசம், எனக்கு வாய்த்தது இது.

கண்டி நகரில் ஒரு பேக்கரிக்கு மேல்மாடியில் இருந்தது அந்தக் கம்பனிச் சட்ட அலுவலகம். எங்கள் ஒப்பந்தங்களிலெல்லாம் மீன் பணிஸ் மணக்கும். நாட்டுக்கு முதலீடு வரும், தோட்டத்துப் பிள்ளைகளுக்கு வேலை வரும், நடுவில் நான் நிற்பேன் என்று நேர்முகத்தில் வாய்கூசாமல் சொன்னேன். நம்பியும் இருந்தேன். ஆனால் என்னைவிட நன்றாக இங்கிலீஷ் பேசிய இருவரை விட்டுவிட்டு, மடுல்கெல்ல தேயிலைத் தோட்டத்து லயத்தில், தொழிலாளர் வரிசை வீட்டில், வளர்ந்த என்னை ஏன் எடுத்தார்கள் என்ற சந்தேகம் முதல் நாளே வந்துவிட்டது.

விடை பன்வில பக்கத்துத் தோட்டமொன்றில் கிடைத்தது. அங்கே எங்கள் வாடிக்கையாளரான ஒரு ஹோட்டல் கம்பனி மலைச்சரிவைக் குத்தகைக்கு எடுத்தது. லயத்துப் பிள்ளைகள் பள்ளிக்கூடம் போகும் குறுக்குப் பாதை அதற்குள் அகப்பட்டது. பாதையை விட்டுக்கொடுப்பதாக லயத்து ஆட்கள் கையெழுத்துப் போட வேண்டும். கடிதத்தைத் தமிழில் வாசித்துக் காட்ட என்னை அனுப்பினார்கள்.

"உங்கட ஆக்கள்தானே, நீங்க சொன்னா கேப்பாங்க" என்றார் எங்கள் சீனியர். கடிதத்தைப் பையில் வைத்துக்கொண்டு கிளம்பினேன்.

கோயில் முன்னால் கூடினார்கள். ஒரு வரி விடாமல் வாசித்தேன். எப்படி வாசித்தேன் என்று கேளுங்கள். "மேற்கூறிய வழியுரிமையினைத் துறக்கின்றோம்" என்று, ரேடியோவில் செய்தி வாசிப்பதுபோல! "பாதைய மூடப் போறாங்க" என்று ஒரு தடவை சொல்லியிருந்தால் போதும். வேலை போய்விடும் என்ற பயத்தில் சொல்லவில்லை.

அந்த லயத்துச் செல்வமணி அக்கா கொழுந்துக் கூடையை இறக்கி வைத்துவிட்டு முன்னால் வந்தார். அவருடைய மகள் அப்போது பள்ளிக்கூடத்தில் மூன்றாம் ஆண்டு.

"நம்ம புள்ளதானே வாசிச்சிச்சு, அப்புறம் என்ன? எங்க போடணும், சொல்லு தாயி."

இடத்தை விரலால் காட்டினேன். அவர் போட்டதும் எல்லோரும் போட்டார்கள்.

இரண்டே மாதத்தில் கேட் வந்தது. பிள்ளைகள் ரோட்டு வழியாகச் சுற்றி நடந்தார்கள். மழை நாட்களில் செல்வமணி அக்காவின் மகள் பள்ளிக்கூடமே போவதில்லை என்று கேள்விப்பட்டேன். வெட்கமாக இருந்தது, இன்னும் இருக்கிறது. பிறகு அந்த வேலையை விட்டேன். மனச்சாட்சிக்காக விட்டேனா, வேறு இடத்தில் நல்ல சம்பளம் கிடைத்ததற்காகவா என்று கேட்டால், என் பதிலை நானே நம்பமாட்டேன்.

போன மாதம் அதே லயத்துக்குப் போனேன். இந்தத் தடவை அவர்கள் பக்கம். பாதையைத் திறக்கச் சொல்லும் மனுவை நானே எழுதி, நாங்கள் வீட்டில் பேசும் தமிழில் விளக்கினேன். படித்த சட்டத்துக்கு இப்போதாவது ஓர் அர்த்தம் வந்ததென்று உள்ளுக்குள் கொஞ்சம் பெருமைதான். செல்வமணி அக்கா உட்காரக் கதிரை போட்டார், தேத்தண்ணி தந்தார். தாளை மட்டும் கையெழுத்துப் போடாமல் மடித்து வைத்துக்கொண்டார்.

"கோவிச்சுக்காதீங்க மேடம். கண்டியில வேற லோயர்கிட்டயும் காட்டிட்டுத்தான் போடுவோம்."

அதுதான் சரி என்றேன். மனதாரத்தான் சொன்னேன். ஆனாலும் மலையிறங்கும்போது கண் கலங்கியது. நான் வாசித்தேன் என்பதற்காக மட்டும் இனி அங்கே ஒருவரும் கையெழுத்துப் போடமாட்டார்கள்.