அம்மாவின் மேல் ஓடிய குரல்

எங்கள் பக்கம் எந்தப் பட்டாசு ஆலையில் விபத்து நடந்தாலும், சாயங்காலச் செய்தியில் என் அம்மா வந்துவிடுகிறாள். சித்திதான் முதலில் போன் செய்வாள். "ஏத்தா, டிவியப் போடு. ஒங்கம்மா வந்துட்டா." அம்மா எந்த விபத்திலும் சிக்கியவள் அல்ல. காய்ச்சலில் படுத்து வீட்டிலேயே இறந்தவள். அதுவும் வருஷக்கணக்காகிறது. வெடித்தது யாருடைய ஆலையோ, போனது யார் வீட்டு உயிரோ, காட்டுவதற்கு மட்டும் என் அம்மாதான் கிடைக்கிறாள்.

செய்தியில் ஓடும் அந்தக் காட்சி நான் ஏழாவது படிக்கும்போது எடுத்தது. அம்மாவைப் போலப் பட்டாசு ஆலைக்கு வேலைக்குப் போகும் பெண்களைப் பற்றி ஆவணப்படம் எடுக்கச் சென்னையிலிருந்து ஆட்கள் வந்தார்கள். படம் எடுக்கிறார்கள் என்றதும் அம்மா தலைக்குக் குளித்து, விசேஷத்துக்குக் கட்டுகிற நீலச் சேலையை உடுத்தி, பவுடர் பூசி வந்து நின்றாள். இயக்குநருக்கு முகம் சுருங்கிவிட்டது. வேலைக்குப் போகிற சேலையைக் கட்டுங்கள், கையிலும் முகத்திலும் மருந்து இருக்கட்டும், அப்படியே உட்கார்ந்து அடுப்பு ஊதுங்கள் என்றார்.

வெடிமருந்தை நாங்கள் மருந்து என்றுதான் சொல்வோம். ஆலை வாசல் தொட்டியில் கை கால் முகம் கழுவாமல் ஒருத்தியும் வீடு திரும்ப மாட்டாள். வேலைச் சேலையைக் கொல்லைக் கொடியில் போட்டுவிட்டு, வேறு சேலை கட்டித்தான் அடுப்படிக்குள் நுழைவாள். இதில் எங்கள் தெருவிலேயே அம்மாதான் பெரிய கறார். அந்தச் சேலையை நான் மறந்து தொட்டுவிட்டால்கூட அடி விழும். அவளைப் போய் மருந்துக் கையோடு அடுப்பு ஊதச் சொன்னால்?

மாட்டேன் என்றாள். அவர் விடவில்லை. வீடு தேடி வந்தவர்களை வெறுங்கையோடு அனுப்பக் கூடாதென்று, கடைசியில் அடுப்புச் சாம்பலை அள்ளிப் பூசிக்கொண்டு உட்கார்ந்தாள். ஊதிக்கொண்டே கேமராவைப் பார்த்துச் சொன்னாள்: "இது சாம்பல்யா. மருந்துக் கையோட எவளாச்சும் அடுப்புக்கிட்டப் போவாளா? அம்புட்டு வெவரங்கெட்டவுகளா நாங்க?" நான் பக்கத்தில்தான் நின்றிருந்தேன்.

படத்தில் அம்மாவின் வாய் அசைகிறது. சத்தம் வேறு. சோகமாக ஒரு புல்லாங்குழல், அதன் மேல் கனமான ஓர் ஆண் குரல்: "தாங்கள் தொடுவது மரணம் என்பதை இந்தப் பெண்கள் அறிவதில்லை." அடப்பாவிகளா!

போன வருஷம், நான் வேலை பார்க்கும் அச்சகத்தில் காலண்டர் சீசன் உச்சத்தில் இருந்தபோது, பழைய படங்களைப் பாதுகாக்கும் காப்பகம் ஒன்றிலிருந்து ஒரு பெண் பேசினாள். படத்தைச் சுத்தம் செய்து புதுசாக்கியிருக்கிறார்களாம், மதுரையில் திரையிடுகிறார்களாம், நான் வர வேண்டுமாம். லீவு கேட்டு முதலாளியிடம் நன்றாக வாங்கிக்கட்டிக்கொண்டு போனேன். ஒரே ஓர் ஆசைதான். அம்மாவின் போட்டோ வீட்டில் இருக்கிறது, குரல் இல்லை.

திரையில் அம்மாவின் கன்னத்துச் சாம்பல் துகள் துகளாகத் தெரிந்தது. அவ்வளவு சுத்தம். புல்லாங்குழலும் முன்னைவிடத் துல்லியம். படம் முடிந்ததும் அந்தப் பெண்ணைப் பிடித்து, அம்மா பேசியது எங்கே என்று கேட்டேன்.

"பேச்சைப் பதிஞ்ச டேப்பை அப்பவே அழிச்சு வேற படத்துக்குப் பயன்படுத்திட்டாங்கம்மா. முடிஞ்ச படம் மட்டும்தான் எங்ககிட்ட வந்துச்சு."

"அது சாம்பல்னாச்சும் எழுதிப் போடுவீகளா?"

"படத்துல இல்லாததைச் சேர்க்க முடியாதும்மா. இது வரலாற்று ஆவணம்."

நடக்காததைப் படம் பிடித்தால் வரலாறு. நடந்ததைப் பக்கத்தில் நின்று பார்த்தவள் சொன்னால் சேர்க்க முடியாது. எனக்கு வந்த ஆத்திரத்தில், அவர்கள் கொடுத்த துணிப்பையை நாற்காலியிலேயே விட்டுவிட்டு வந்தேன். அந்தப் பையிலும் அம்மாவின் முகம்தான் அச்சடித்திருந்தது என்பது பஸ் ஏறிய பிறகுதான் உறைத்தது.

போன வாரம் மறுபடியும் ஒரு விபத்து. சித்தி போன் செய்தாள். டிவியைப் போட்டேன். அடுப்பின் முன் அம்மா. சத்தத்தை நிறுத்திவிட்டு, அவள் வாய் அசைய அசைய நானே சொன்னேன்: "இது சாம்பல்யா." முந்தாமல் பிந்தாமல் சொல்ல எனக்குப் பழகிவிட்டது. அந்த வார்த்தைகளில் ஒன்றுகூட எனக்கு மறக்கவில்லை. அவள் குரல்தான் எப்படி இருந்தது என்று மறந்துவிட்டது.