புளியமரத்தடியில் ஒரு ஜோடி

இதில் நான் கூட்டிச் சொன்னது எதுவும் இல்லை. நேரமெல்லாம் அப்போதே கைக்கடிகாரத்தில் பார்த்தது. அரியலூரில் ரேடியோ பழுது பார்ப்பவன் நான். தினமும் காலைச் செய்திக்குக் கடிகாரத்தைச் சரிவைப்பேன்.

1983, தை மாதம், ஒரு ஞாயிறு. திருமானூர்ப் பக்கம் ஓர் ஏரி. குளிர்காலத்தில் அங்கே வரித்தலை வாத்துகள் வந்து இறங்கும். பார்க்க வருகிறவர்கள் பட்டாசு கொளுத்திப் பறக்கவிட்டார்கள். அதனால் முருகையன் என்பவரைக் காவலுக்குப் போட்டிருந்தார்கள்.

அவர் செய்திருந்த ஏற்பாடு எனக்கு மிகவும் பிடித்திருந்தது. கரை தொடங்கும் புளியமரத்தடியில் எல்லோரும் செருப்பைக் கழற்ற வேண்டும். வெறுங்காலில் சத்தம் வராது. அதோடு, செருப்பு கிடந்தால் ஆள் உள்ளே இருக்கிறார் என்று பொருள். எல்லோரும் வெளியேற, ஆறு மணிக்குத் தண்டவாளத் துண்டைத் தட்டுவார். கடைசி ஜோடி போனதும் வீட்டுக்குக் கிளம்புவார்.

"வாத்து என்ன சாமியாங்க, செருப்பக் கழட்ட?" என்றேன்.

"சாமிகூடச் சத்தத்தப் பொறுத்துக்கும் சார். இது பறந்துரும். தண்ணியோரம் கட்டியிருக்க கயித்தத் தாண்டாதீங்க, சேறு ஆள முழுங்கும்."

ஒன்று எப்படி வேலை செய்கிறது என்று தெரிந்துவிட்டால், அதை ஏமாற்றவும் தெரிந்துவிடுகிறது. அவர் திரும்பியதும் செருப்பைப் பைக்குள் வைத்துக்கொண்டேன். கூட்டம் போனபின் கிட்டே போய்ப் படம் எடுக்க ஆசை. கருவேலம் புதருக்குப் பின்னால் உட்கார்ந்தேன்.

6.00. டங்... டங்...

6.10. அவருடைய சைக்கிள் சத்தம் தேய்ந்து மறைந்தது. அவ்வளவு பெரிய ஏரியில் நான் ஒருவன்தான்.

கயிற்றைத் தாண்டினேன். மண்ணாங்கட்டி எறிந்தேன். வாத்துகள் மொத்தமாக எழும்பின. ஒரு படம். இன்னும் நாலு எட்டு வைத்தேன்.

சேறு முழங்காலைப் பிடித்தது.

ஒரு காலை இழுத்தால் உடம்பின் பாரமெல்லாம் மற்றக் காலில் இறங்கும். அது இன்னும் ஆழமாகப் போகும். விவரம் தெரிந்தும் இழுத்தேன். இடுப்பு வரை போய்விட்டது.

கத்தினேன். என் குரல்தான் திரும்பி வந்தது.

6.32. வாத்துகள் மறுபடி இறங்கி, தலையை இறகுக்குள் செருகிக்கொண்டன.

சளப்...

எனக்குப் பின்னால்.

சளப்... சளப்...

"யாருங்க?"

காலடி என்னைக் கடந்தது. வாத்துகளுக்கு நடுவே போனது.

ஒரு வாத்துகூடப் பறக்கவில்லை.

கரைப்பக்கம் போய்... நின்றது.

6.50. சைக்கிள் மணி. டார்ச் வெளிச்சம். முருகையன்!

எல்லைக் கயிற்றையே அவிழ்த்து எறிந்து என்னை இழுத்துப் போட்டார்.

"தூக்குவாளிய மறந்துட்டேன்னு திரும்பி வந்தேன். செருப்பு கெடந்துச்சு. கெளம்பறப்ப இல்லியே சார்?"

பையைத் திறந்தேன். என் செருப்பு உள்ளேதான் இருந்தது.

மரத்தடியில் ஒரு பெரிய பழைய ஜோடி. வார் அறுந்தது. ஈரச் சேறு வழிந்தது. டார்ச் அடித்துப் பார்த்த முருகையன் அதன் கிட்டே போகவில்லை.

"போன தையில ஒருத்தரு உங்கள மாதிரியே பையில வச்சுக்கிட்டு உள்ள போயிட்டாரு. மரத்தடி காலி. நான் வூட்டுக்குப் போயிட்டேன். மூணு நாள் கழிச்சுத்தான் கண்டோம். எந்த ஊருன்னுகூடத் தெரியல. தேடி ஒரு ஆள் வரல."

"அவர் செருப்பு?"

"பையோட சேத்து நாந்தாங்க பொதச்சேன்."

நாங்கள் கிளம்பினோம். வளைவில் ஒரு தடவை திரும்பி டார்ச் அடித்தார்.

செருப்பு அங்கேயே கிடந்தது.