காய்ச்சக் கூடாத பால்

என் வீட்டுக்காரர் ஆவடியில் ராணுவத் தளவாடத் தொழிற்சாலையில் தரப் பரிசோதகர். மயிரிழை வித்தியாசம் இருந்தாலும் பொருளைத் திருப்பி அனுப்பிவிடுவார். வீட்டிலும் அதே கூத்துதான், டம்ளரை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்துவிட்டுத்தான் தண்ணீர் ஊற்றுவார். அந்த மகானுபாவர்தான் என் பாலைக் காய்ச்சினார். இப்போது நினைத்தாலும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

எங்கள் மகள் எட்டாம் மாதத்திலேயே வந்துவிட்டாள். ஆபரேஷன் செய்துதான் எடுத்தார்கள். மறுநாளே ரத்தத்தில் தொற்று. கண்ணாடிப் பெட்டிக்குள் மூக்கில் குழாயோடு கிடந்தவளுக்கு நாள் கணக்கில் ஆன்டிபயாடிக் ஏற்றினார்கள். தொற்று அடங்கியது. அப்பாடா என்று நான் மூச்சு விடுவதற்குள் டாக்டரம்மா கூப்பிட்டு உட்கார வைத்தார்.

"மருந்து கெட்ட கிருமியைக் கொன்னுடுச்சு. நல்லதையும் சேர்த்துத்தான் வாரிக்கிட்டுப் போயிருக்கும். இப்ப அவ குடல் காலி வீடு மாதிரி. முதல்ல யார் குடி வர்றாங்களோ அவங்களை வெச்சுத்தான், எது நம்மாளு, எது எதிரின்னு அவ உடம்பு பழகும். நல்லவங்க வரணும்மா. அதுக்கு உங்க பால் வேணும். சொட்டு சொட்டா வந்தாலும் பரவாயில்ல."

தாய்ப்பாலில் குழந்தையால் செரிக்கவே முடியாத ஒருவகைச் சர்க்கரை இருக்கிறதாம். அது குழந்தைக்கு இல்லையாம், அவள் குடலுக்குள் குடியேறும் கிருமிகளுக்குச் சாப்பாடாம். என் உடம்பு என்னை ஒரு வார்த்தை கேட்காமல் யார் யாருக்கோ சமைத்துக்கொண்டிருக்கிறது! எனக்குக் கொஞ்சம் கர்வமாகக்கூட இருந்தது.

சமையல் என்னவோ கொஞ்சம்தான். என்னை வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள், குழந்தை அம்பத்தூர் ஆஸ்பத்திரியிலேயே இருந்தது. சேக்காட்டில் எங்கள் தொழிற்சாலைக் குவார்ட்டர்ஸில் தையல் வலியோடு உட்கார்ந்து, மூன்று மணி நேரத்துக்கு ஒருமுறை பம்ப் வைத்து இழுத்தால் பாட்டிலின் அடி நனையும். அதை அவரிடம் கொடுத்துவிட்டுப் படுத்துவிடுவேன். அவர் ஐஸ் பெட்டியில் வைத்து பைக்கில் கொண்டுபோவார்.

இப்படிப் பால் போகத் தொடங்கிய மூன்றாம் நாள் காலை ஆஸ்பத்திரியிலிருந்து போன். குழந்தையின் வயிறு வீங்கியிருக்கிறது, பச்சையாக வாந்தி எடுத்திருக்கிறாள், பாலை நிறுத்தியாயிற்று, இன்னும் வீங்கினால் குடலில் ஆபரேஷன் வரைக்கும் போகலாம் என்றார்கள். ஆட்டோ குலுங்கிய குலுக்கலில் தையல் பிய்த்துக்கொள்ளும் போலிருந்தது. எனக்கு அதெல்லாம் உறைக்கவே இல்லை.

வார்டு வாசலிலேயே நர்ஸம்மா மடக்கினார். மண்ணூர்பேட்டைக்காரர், எதையும் முகத்துக்கு நேரே பேசுவார். கையில் அன்று காலை இவர் கொடுத்துவிட்டுப் போன பாட்டில்.

"இன்னாக்கா இது, ஆடை கட்டிக்கீது? தாய்ப்பாலைப் போய் யாராச்சும் காய்ச்சுவாங்களா?"

போன் கிடைத்துத் தொழிற்சாலையிலிருந்து ஓடி வந்து பின்னால் நின்ற இவரை நான் திரும்பிப் பார்த்தேன்.

"பாலுன்னா காய்ச்சணும்ல?" என்றார். "பச்சைப் பாலை எப்படிக் குழந்தைக்கு... ஒரே ஒரு கொதிதான் விட்டேன்." முதல் இரண்டு நாளும் ஆடையை வடிகட்டிக் கொடுத்தாராம். இன்றைக்கு டியூட்டிக்கு நேரமாகிவிட்டதாம்.

"அடப்பாவி மனுஷா! உசிரைப் பிழிஞ்சு குடுத்தேனே, அதைப் போய் அடுப்புல வெச்சிருக்கீங்களே!" என்று கத்தினேன். காரிடார் முழுக்கத் திரும்பிப் பார்த்தது. பார்க்கட்டும். அவர் சுவரோரம் போய் நின்று முகத்தை மூடிக்கொண்டு அழுதார். எனக்குத் துளிகூட இரக்கம் வரவில்லை.

சத்தம் கேட்டு டாக்டரம்மா வந்தார். "காய்ச்சினதாலதான் வயிறு வீங்குச்சுன்னு சொல்ல மாட்டேன். குறைமாசக் குழந்தைக்கு இப்படி ஆகுறது உண்டு. ஆனா சார், தாய்ப்பால்ல இருக்குற நல்ல கிருமியும் நோய் எதிர்ப்பும் கொதியில போயிடும். காவல்காரங்களை வெளிய தள்ளிட்டுச் சாப்பாட்டை மட்டும் அனுப்பியிருக்கீங்க."

அதன் பிறகு நான் வீட்டுக்கே போகவில்லை. அங்கேயே தாய்மார் அறையில் ஒரு கட்டிலைப் பிடித்துக்கொண்டேன். ஒரு நாள் விட்டு வயிறு தணிந்தது. பம்பில் இழுத்த கையோடு, சூடு காட்டாமல், என் பால் இரண்டு மில்லி குழாய் வழியே உள்ளே போனது. வாந்தி இல்லை. அவளை என் வெறும் நெஞ்சில் போட்டார்கள். நம்ப மாட்டீர்கள், பம்புக்கு மசியாத பால் அவள் சூடு பட்டதும் தானாகவே கசிந்தது.

"நீங்களும் சட்டையைக் கழட்டுங்க சார்," என்றார் டாக்டரம்மா.

"கிருமி ஒட்டிக்காதா டாக்டர்?"

"ஒட்டிக்கத்தான் சொல்றேன். ஆஸ்பத்திரிக் கிருமி முந்துறதுக்குள்ள உங்க வீட்டுக் கிருமி முந்தணும். குளிச்சுட்டு வந்து உட்காருங்க."

உட்கார்ந்தார். அசையாமல் ஒரு மணி நேரம், மூச்சைக்கூட அளந்து விட்டுக்கொண்டு. அன்றைக்குத்தான் அவர்மேல் இருந்த கோபம் பாதி இறங்கியது. மீதிப் பாதியை இன்னும் பத்திரமாக வைத்திருக்கிறேன்.

இரண்டு மில்லி ஐந்தானது, ஐந்து பத்தானது. ஒரு காலையில் நாப்கினைப் பிரித்த நர்ஸம்மா, "அக்கா, ஓடியா!" என்று கத்தினார். பதறிப்போய் ஓடினேன். மஞ்சளை அரைத்துக் குழைத்த மாதிரி, லேசான தயிர்ப் புளிப்பு வாசனையோடு என் மகள் வெளிக்குப் போயிருந்தாள். டாக்டரம்மா குனிந்து பார்த்துவிட்டு என் தோளைத் தட்டினார். பால் ஒத்துக்கொண்டது, வயிறு வேலையைத் தொடங்கிவிட்டது என்றார். இவர் உடனே தன் செக்‌ஷனுக்கே போன் போட்டு, "எம் பொண்ணு மஞ்சளா போயிட்டாப்பா!" என்றார். அந்தப் பக்கம் ஆளாளுக்கு விசிலடித்தது எனக்கே கேட்டது.

பத்து நாள் கழித்து மூக்குக் குழாயை எடுத்தார்கள். முதல்முறையாக மார்பில் விட்டார்கள். உறிஞ்சத் தெரியுமா, களைத்துப்போய்விடுவாளா என்று நர்ஸம்மா பக்கத்திலேயே நின்றார். அவள் முகத்தை இப்படியும் அப்படியும் தேய்த்தாள், தேடினாள், கப்பென்று பிடித்தாள். அம்மாடி, என்ன பிடி! வலியில் எனக்கு உச்சந்தலை வரை சுரீர் என்றது.

"இழுடி என் தங்கமே, இழு!" என்றேன்.

இழுத்தாள். மடக் மடக்கென்று முழுங்கும் சத்தம் வார்டு முழுக்கக் கேட்டது.