மிச்சம் பத்து மணி நேரம்

இஸ்திரிக் கடைக்காரியின் தங்கை மாப்பிள்ளை வெளிநாட்டில் ஒரு ஊரிலிருந்து பதினாலே மணி நேரத்தில் வந்து இறங்கிவிட்டாராம். அவர் தங்கையிடம் சொல்ல, தங்கை அக்காவிடம் சொல்ல, அக்கா நேற்று தேய்த்த துணி வாங்கப் போனவளிடம் சொன்னாள்.

"உங்க வீட்டு அண்ணனும் அதே ஊருலருந்துதான் வர்றாரு, அவருக்கு மட்டும் ஏன் ரெண்டு நாள் ஆகுது? பிளேனைத் தள்ளிக்கிட்டு வர்றாரா?"

அவளும் சிரித்தாள். அந்தச் சிரிப்பு தெருமுனை வரைக்கும்தான் தாங்கியது.

கண்ணாடிக் கடையில் பதினோரு வருஷமாக லென்ஸ் தேய்க்கிறவள் அவள். முதலாளி வைத்த பட்டப்பெயர் மில்லிமீட்டர். அரை மில்லிமீட்டர் பிசகினாலும் போடுகிறவருக்குத் தலை சுற்றும் என்று முழு வேலையையும் திருப்பிச் செய்வாள். அப்படிப்பட்டவள் புருஷன் சொன்ன பயணக் கணக்கை மட்டும் ஆறு வருஷமாக அளந்து பார்த்ததில்லை. அந்த ஊரில்தான் அவனுக்கு வேலை; வருஷத்துக்கு ஒருமுறை வருவான். அங்கே வியாழன் ராத்திரி ஏறுவான். இங்கே சனிக்கிழமை காலை ஆறு மணிக்கு வாசலில் நிற்பான். "ஒரே பிளேன்தான், நடுவுல இறங்கவே விடமாட்டான். உடம்பு முறிஞ்சு போச்சு" என்பான். அவளும் வெந்நீர் போட்டு வைத்திருப்பாள்.

இன்று வெள்ளி. விடிகாலை நாலு மணிக்குச் செய்தி வந்திருந்தது: "ஏறிட்டேன். நாளைக்குப் பார்ப்போம்."

மத்தியானச் சாப்பாட்டை அப்படியே வைத்துவிட்டு, பக்கத்துக் கட்டிடத்து டிக்கெட் ஏஜென்டிடம் போய் நின்றாள். அவளிடம் கண்ணாடி மாற்ற வருகிறவன்தான். ஊர்ப் பெயரைச் சொன்னாள்.

"அங்கருந்து இங்க எவ்வளவு தூரம் தம்பி?"

"பதினோராயிரத்துச் சொச்சம் கிலோமீட்டர்க்கா. நேர் பிளேன்னா பதினாலு மணி நேரம்."

"அங்க ராத்திரின்னா இங்க விடிஞ்சிருதே. அந்த வித்தியாசத்தையும் சேத்தா ரெண்டு நாள் வருமில்ல?"

"அது கடிகாரத்துல வர்ற வித்தியாசம்க்கா, பிளேன் பறக்குறதுல இல்ல. ஏறிட்டேன்னு உங்க போனுக்கு எத்தனை மணிக்கு வந்துச்சு?"

"நாலு."

"அதுலருந்து எண்ணுங்க. சாயங்காலம் ஆறுக்கு இறங்கிருவார். பெட்டி எடுத்து, டாக்ஸி பிடிச்சு, எப்படி இழுத்தாலும் எட்டு மணிக்கு வீட்டுல இருப்பார்."

"நாளைக்குக் காலையில ஆறுக்குத்தான் வருவாரு."

அவன் நிமிர்ந்து பார்த்தான். "எதிர்க்காத்து அடிச்சா கொஞ்சம் லேட் ஆகும்க்கா..."

"எவ்வளவு?"

"அரை மணி... முக்கால் மணி" என்று இழுத்தவன், சட்டென்று கம்ப்யூட்டரில் எதையோ தேட ஆரம்பித்தான்.

மிச்சம் பத்து மணி நேரம். ஒவ்வொரு வருஷமும் பத்து. போன வருஷம் இஸ்திரிக் கடைக்காரி சொன்ன இன்னொன்று இப்போதுதான் உறைத்தது. "அண்ணன் வந்த அன்னிக்குப் போட்டிருந்த சட்டையில மடிப்புக் கலையவே இல்ல. யாரோ நல்லாத் தேய்ச்சிருக்காங்க. என் கை இல்ல அது." அதற்கும் அப்போது சிரித்துத்தான் வைத்தாள்.

கடைக்குத் திரும்பி, லென்ஸ் மிஷினை அணைத்துவிட்டுப் போனை எடுத்தாள். சாயங்காலம் ஆறு வரைக்கும் அவன் பிளேனில்தான் இருக்க வேண்டும். ஆகாயத்தில் இருக்கிற போனில் மணி அடிக்காது. தொடர்பு எல்லைக்கு வெளியே இருக்கிறார் என்று அந்தப் பெண் குரல் சொல்லும். எத்தனையோ தடவை எரிச்சல்பட்ட குரல். இன்றைக்கு அது வந்தால் போதும் என்றிருந்தது.

எண்ணை அழுத்திக் காதில் வைத்தாள்.

மணி அடித்தது. தெளிவாக, பக்கத்துத் தெருவில் அடிப்பதுபோல அடித்தது. நாலு, ஐந்து, ஆறு என்று அவள் எண்ணிக்கொண்டிருந்தாள். யாரும் எடுக்கவில்லை.